வெட்டாத ஐந்து மீட்டர்

ஐந்து மீட்டர். வெட்டாமல், ஒட்டுப் போடாமல், ஒரே துண்டாக. இன்றைக்கு எனக்கு அது போதும். யாருக்கும் எதையும் தேடித் தர மாட்டேன். இந்தப் பச்சைக்கு இந்த மஞ்சள் சேருமா என்று யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிவிடுவேன். யாருடைய பையையும் தூக்க மாட்டேன்.

இப்படி அவள் மனதுக்குள் உறுதி எடுத்துக்கொண்டிருந்தபோதே தோளில் இரண்டு பைகள் ஏறிவிட்டிருந்தன. "கொஞ்சம் பிடிச்சுக்கோம்மா, ஃபோட்டோ எடுக்கணும்" என்று நாத்தனார் கொடுத்தது ஒன்று. "அப்படியே இதையும்" என்று பல் டாக்டர் மாட்டிவிட்டது இன்னொன்று. அவள் தனக்கென்று கொண்டுவந்திருந்தது ஒரு பழைய தலையணை உறைதான். நாலாக மடித்த அந்த உறை நாத்தனாரின் பைக்குள் அடியில் எங்கோ நசுங்கிக்கிடந்தது.

ஒட்டுப்போர்வைக் கண்காட்சி அரங்கின் கதவு திறக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. வரிசை வாகன நிறுத்தம் வரை நீண்டிருந்தது. வாரத்தில் ஆறு நாள் மருந்துக் கடைக் கவுண்டரில் நின்றபடியே வேலை பார்க்கிறவள் அவள். ஏழாவது நாளும் நிற்க வேண்டுமென்று குதிகாலுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அது முனகிக்கொண்டிருந்தது.

"நான் பல் பிடுங்கற இடத்துல ஒரு நாளாவது இப்படிக் கூட்டம் நின்னிருக்கா பாரு" என்றாள் பல் டாக்டர். அவர்கள் குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரி. வயதும் ஒன்று, அலுப்பும் ஒன்று என்பதால் இருவருக்குள்ளும் 'வாடி போடி'தான்.

"அங்க வலிக்கும். இங்க பர்ஸுக்கு மட்டும்தான் வலிக்கும்" என்றார் நாத்தனார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். இன்றைக்கு அவருக்கு வாயெல்லாம் பல். துண்டுத் துணிகளைச் சேர்த்து அவர் உருவாக்கிய ஒட்டுப்போர்வை முதல் தடவையாக உள்ளே தொங்குகிறது.

அவர்களுக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் கைபேசியில் எதையோ படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வாய்விட்டே படித்தாள். "உள்ளே போனதும் வாங்காதீர்கள். முதலில் ஒரு சுற்று, வெறுங்கையோடு. பழகிய செருப்பு போடுங்கள். வீட்டிலுள்ள துணியில் விரல் நீளத்துக்கு வெட்டி எடுத்து வாருங்கள், நிறத்தை ஞாபகத்தில் சுமக்காதீர்கள். அரங்கின் விளக்கு மஞ்சள். துணியைக் கதவருகே கொண்டுபோய் வெயிலில் பாருங்கள். ஒரு வேலைக்கான துணி முழுவதையும் ஒரே சுருளிலிருந்து வாங்குங்கள். அடுத்த சுருளில் சாயம் மாறும். பிளாஸ்டிக் பை விரலை அறுக்கும், தலையணை உறை கொண்டுவாருங்கள். வீட்டுக்குப் போனதும் உறையோடு அப்படியே அலசிவிடலாம்."

"தலையணை உறை! நல்ல யோசனைல்ல?" என்றாள் மற்றவள். "யாரு எழுதினது?"

முதலாமவள் திரையைக் கீழே தள்ளி ஒரு பெயரைப் படித்தாள். நாத்தனாரின் பெயர்.

நாத்தனார் இவள் முழங்கையை இடித்தார். "பாத்தியா? எங்கெல்லாம் போயிருக்கு! நான் நம்ம குரூப்புக்குத்தான் அனுப்பினேன்."

"ஆமா அண்ணி" என்றாள் அவள். நாலு வருஷத்துக்கு முன்னால் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அதை எழுதியது அவள்தான். முதன்முதலாகக் கண்காட்சிக்கு வந்து, இரண்டு சுருளிலிருந்து ஒரே நீலத்தை வாங்கி, வீட்டில் விரித்தபோது இரண்டு நீலமாகிப் போன அழுகையில் எழுதியது. நாத்தனார் வாங்கிப் படித்து, "சூப்பரா இருக்கே, தட்டச்சு பண்ணி எல்லாருக்கும் அனுப்பறேன்" என்றார். அனுப்பினார். அனுப்பியவர் பெயர்தானே கீழே வரும்? அதில் தப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. நாத்தனார் செய்கிற எதிலுமே தப்பு என்று விரல் வைத்துச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. அதுதான் சிரமம்.

கதவு திறந்தது. கூட்டம் இவர்களையும் சேர்த்து உள்ளே அள்ளிப் போட்டது.

வலது பக்கம் முழுக்கப் போர்வைகள். கூரையிலிருந்து இறங்கிய கம்பிகளில், வரிசைக்கு இருபது. இடது பக்கம் முழுக்கத் துணிக் கடைகள். வெள்ளைக் கையுறை போட்ட தன்னார்வப் பெண்கள் போர்வைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார்கள். யாராவது கையை நீட்டினால், "தொடாதீங்கம்மா, நான் திருப்பிக் காட்டறேன்" என்று ஓடிவந்தார்கள்.

"பரிசு ஒட்டறது மத்தியானம்தானாம். அதுக்குள்ள கடைகளைப் பார்த்துடலாம்" என்றார் நாத்தனார்.

அவள் எடுத்த உறுதி மூன்றாவது கடையில் உடைந்தது. "இந்தத் துரு நிறத்துக்கு இது சேருமாம்மா?" என்று நாத்தனார் ஒரு துணியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். தெரியாது என்று சொல்ல வாயெடுத்தாள். கண் அதற்குள் பாதி மூடிக்கொண்டுவிட்டது. பாதிக் கண்ணில் பூவும் கோடும் மறைந்து அடர்த்தி மட்டும் தெரியும்.

"சேராது அண்ணி. ரெண்டும் ஒரே கனம். ஒண்ணை ஒண்ணு முழுங்கிடும்."

"பாரேன், இவ கண்ணு!" என்று நாத்தனார் கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னார். பல் டாக்டர் நாலு துணிகளை நீட்டினாள். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண்மணியும், "எனக்கும் கொஞ்சம் சொல்றீங்களா?" என்றார். கதவுக்கும் கடைக்குமாக அவள் ஏழு தடவை நடந்தாள். பைகள் கனத்தன. எல்லாம் மற்றவர்களின் கால் மீட்டர், அரை மீட்டர். பதினோரு மணிக்குக் கணவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'அக்கா ஃபோன் எடுக்கல. என் நீலச் சட்டை எங்க?' கதவருகே நின்று, ஒரு கையில் துணியை வெயிலுக்குப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பதில் அனுப்பினாள்: 'உடம்புல பாருங்க.' கொஞ்சம் கழித்து, 'ஆமா' என்று வந்தது.

ஒன்றரை மணிக்கு நாத்தனாரும் பல் டாக்டரும் காபி குடிக்க உட்கார்ந்தார்கள். "கால் மரத்துப்போகுது, ஒரு நடை போயிட்டு வரேன்" என்று பொய் சொல்லிவிட்டு அவள் கடைசி வரிசைக்குப் போனாள். பைகளை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அது அவளுக்குத் தோன்றவேயில்லை.

மூலைக் கடையில் கூட்டம் அதிகம், ஆரவாரம் இல்லை. பூப்போட்ட துணி ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒற்றை நிறம். கழுத்தில் அளவு நாடாவைப் போட்டிருந்த கடைக்கார அம்மாள் வெட்டும் மேஜையைவிட்டு நிமிரவில்லை. மேஜையோரம் சாய்ந்து நின்ற ஒரு சுருளைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள்.

வெள்ளை இல்லை, சாம்பலும் இல்லை. வருஷக்கணக்காகத் தேய்த்த அலுமினியப் பாத்திரத்தின் உள்பக்கம் போல ஒரு நிறம். வெளிச்சம் அதில் விழுந்து தங்காமல் மெதுவாக வழுக்கியது. அதன்மேல் அதே நிற நூலால் தைத்தால் தையல் கண்ணுக்குத் தெரியாது, அதன் நிழல்தான் தெரியும். போர்வை முழுக்கத் துண்டு கிடையாது, வடிவம் கிடையாது. மேலே ஒரே துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரே துணி, மூன்றையும் பிடித்து வைத்திருக்கும் தையல். அவ்வளவுதான்.

ஒரு தடவை இதைப் பல் டாக்டரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். "ஒட்டே இல்லாத ஒட்டுப்போர்வையா? சொத்தையே இல்லாத பல்லு மாதிரின்னு சொல்லு. அதுல எனக்கென்னடி வேலை?" என்று அவள் சிரித்தாள். நாத்தனாரிடம் சொன்னபோது, "யாருக்கும்மா அது?" என்று கேட்டார். யாருக்குமில்லை என்று சொல்லத் தெரியாமல், "சும்மாத்தான் அண்ணி" என்றாள். சும்மா என்பதால் அதை மூன்று வருஷமாகத் தள்ளிப்போட முடிந்தது.

"எவ்வளவு இருக்கும்மா இதுல?"

கடைக்கார அம்மாள் சுருளின் தடிமனை விரலால் அழுத்திப் பார்த்தார். "அஞ்சே கால். இனிமே இந்தச் சாயம் வராது. எவ்வளவு வேணும்?"

"அஞ்சு. ஒரே துண்டா."

"டோக்கன் எடுத்துக்கோங்க. உங்களுக்கு முன்னாடி ஒரு படையே நிக்குது." நாற்பத்தேழு என்று எழுதிய அட்டைத் துண்டு ஒன்று அவள் கைக்கு வந்தது. "மூணு மணி வாக்குல கூப்பிடுவேன். கூப்பிடும்போது ஆள் இருக்கணும். உங்களுக்குப் பின்னாடி நிக்கறவங்களும் இதைத்தான் கேக்கறாங்க, பைக்கு உள்துணி தைக்க."

உள்துணிக்கா! அட்டையை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டாள். அப்போது கைபேசி அடித்தது.

"எங்கம்மா இருக்க? ஓடி வா, ஓடி வா! ரிப்பன் ஒட்டிட்டாங்க!" நாத்தனாரின் குரல் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது.

அவள் ஓடவில்லை, குதிகால் விடாது. ஆனால் போனாள்.

போர்வையைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்தது. கீழே கரும்பழுப்பில் தொடங்கி மேலே போகப் போகத் துருவாகி, செம்மஞ்சளாகி முடியும் நூற்றுக்கணக்கான முக்கோணங்கள். காற்றில் கிளம்பும் பறவைகள் போல. அது முழுக்க நாத்தனாரின் கற்பனை. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, இப்படி ஒரு வடிவம் அவளுக்கு ஏழு ஜென்மத்திலும் தோன்றாது. நாத்தனார் அதை மூன்று வாரத்தில் மெஷினில் ஒட்டித் தைத்துவிட்டு, "நீ கையால தைச்சு முடிச்சுக் குடும்மா, உனக்குத்தான் பொறுமை" என்று மடித்துக் கொடுத்தார்.

பொறுமைக்கு ஏழு மாதம் பிடித்தது. வேலை விட்டு வந்து, சமைத்து, கழுவி, பிறகு மடியில் துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையம். விரற்கடைக்குப் பத்துத் தையல். ஊசி அடியில் எட்டிப் பார்க்கிறதா என்று தொட்டுத் தொட்டு இடது நடுவிரலின் நுனி காய்த்து, கவுண்டரில் மாத்திரை அட்டையைப் பிரிக்கும்போது அந்த இடத்தில் உணர்வே இருக்காது. முடிந்த அன்று நாத்தனார் வந்தார். "என் போர்வைல என் கையும் படணும்ல" என்று ஆசையாக ஒரு மூலையில் ஒரு சாண் நீளத்துக்குத் தைத்தார். தையல் ஒவ்வொன்றும் அரிசி அரிசியாக நீளமாக விழுந்தது. அவர் போன பிறகு அதைப் பிரித்துத் திரும்பத் தைக்கலாமா என்று நினைத்தாள். மனசு வரவில்லை. அவர் கை பட்டதாயிற்றே என்று விட்டுவிட்டாள்.

போர்வையின் ஓரத்தில் நீல ரிப்பன். அதன்மேல் பொன்னெழுத்தில்: சிறந்த கைத்தையல்.

அவள் இரண்டு தடவை படித்தாள். வடிவத்துக்கு இல்லை, நிறத்துக்கு இல்லை, கைத்தையலுக்கு.

ரிப்பனுக்குக் கீழே ஒரு அட்டை. எல்லாப் போர்வைகளுக்கும் அப்படி ஒன்று உண்டு. 'ஒட்டியவர்' என்று ஒரு வரி, 'தைத்தவர்' என்று ஒரு வரி. பக்கத்துப் போர்வையில் இரண்டு வரியிலும் இரண்டு பெயர்கள். அதற்கடுத்ததிலும் அப்படித்தான். இதில் இரண்டு வரியிலும் ஒரே பெயர், நாத்தனாரின் பெயர்.

"முதல் தடவையே ரிப்பன்!" நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டார். இரண்டு பைகளும் நடுவில் மாட்டியதால் அணைப்பு சரியாக விழவில்லை. "நடுவர் கைப்பட எழுதிக் குடுத்திருக்காங்களாம். என் கண்ணாடி பையில இருக்கு. பை உன்கிட்ட இருக்கு. நீயே படியேன்."

அவர் நீட்டிய கடித உறையை அவள் பிரித்துப் படித்தாள். "தையல் நேர்த்தி அபாரம். முன்னும் பின்னும் ஒரே அளவு. இவ்வளவு அமைதியான கையைப் பல ஆண்டுகளாகப் பார்க்கவில்லை." பிறகு ஒரு கோடு போட்டு: "கீழ் இடது மூலையில் மட்டும் ஒரு வரி, தையல் நீளம் மாறுகிறது. அடுத்த முறை கவனிக்கவும்."

பல் டாக்டர் குனிந்து மூலையைப் பார்த்தாள். "ஆமா, இங்க பாருங்க. பால் பல்லுக்கு நடுவுல கடவாய்ப் பல்லு மாதிரி."

நாத்தனாரும் பார்த்தார். உச்சுக்கொட்டினார். பிறகு இவள் தோளில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். "அன்னிக்கு அசந்துட்டியாம்மா? பரவாயில்ல விடு. ரிப்பன்தான் வந்துடுச்சே."

அவள் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். நடிப்பு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இல்லை. அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. போர்வையில் தான் கையால் தைத்த ஒரே இடம் எது என்பதையே மறந்திருந்தார். நல்லது எல்லாம் தன்னுடையதாகவும், அசந்தது இவளுடையதாகவும் அவர் மனதுக்குள் தானாகவே பிரிந்து போய்ச் சேர்ந்திருக்கிறது, துணி அலசும்போது சாயம் பிரிவது போல.

கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டும். அவளுக்கு வந்தது அலுப்புத்தான். உட்காரவேண்டும் போன்ற அலுப்பு.

கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கண்காட்சி நடத்துகிறவர்களில் ஒரு பெண் வேகமாக வந்தாள். "ரிப்பன் வாங்கினது நீங்கதானே? வாழ்த்துகள்! மூணு மணிக்கு மேடைல சின்னதா ஒரு செயல்முறை விளக்கம். கைத்தையலுக்குப் பரிசு வாங்கினவங்க வழக்கமா பண்றதுதான். பதினஞ்சு நிமிஷம், வளையம், ஊசி, நூல் எல்லாம் நாங்களே வெச்சிருக்கோம். நீங்க தைச்சுக் காட்டினா போதும். பெரிய திரைல விரல் மட்டும் தெரியும்."

"கண்டிப்பா" என்றார் நாத்தனார். அந்தப் பெண் போகும்வரை சிரித்தபடியே இருந்தார். போனதும் சிரிப்பு அப்படியே உறைந்தது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"பெரிய திரையா?" என்றாள் பல் டாக்டர். "அண்ணி, பேசாம பல் வலின்னு சொல்லிடுங்க. நான் சர்ட்டிஃபிகேட் தரேன்."

"நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டு நாத்தனார் தம்பி மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போர்வை வரிசைக்குப் பின்னால் போனார். அங்கே கூட்டம் இல்லை. எல்லாப் போர்வைகளின் முதுகும் தெரிந்தது. தங்கள் போர்வையின் முதுகில், வெற்றுப் பழுப்புத் துணியில், ஏழு மாதமும் வரிவரியாகத் தெரிந்தது.

"இதோ பாரும்மா. ஒண்ணும் பெரிய விஷயமில்ல. நீ என்கூட மேடைக்கு வா. விரல்ல அடிபட்டுடுச்சுன்னு நான் ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கறேன். நீ வளையத்தைப் பிடிச்சுத் தை, நான் மைக்ல விளக்கம் சொல்றேன். என் சிஷ்யைன்னு சொல்லிடறேன்."

அவள் போர்வையின் முதுகையே பார்த்தாள்.

"பொய்யா? நீ என்கிட்ட கத்துக்கிட்டவதானே?"

பொய்யில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அறுவை சிகிச்சையில் அவள் வயிற்றைக் கிழித்துத் தைத்துப் போட்டிருந்தபோது, ஒன்பது நாள் ஆஸ்பத்திரி நாற்காலியை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தவர் நாத்தனார். வீட்டுக்கு வந்து சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தவளின் மடியில் ஒரு பை நிறையத் துண்டுத் துணியைக் கொட்டி, "இதை எதையாவது எதோடயாவது சேரு" என்றவரும் அவர்தான். முதல் ஊசியைக் கோத்துக் கொடுத்த கை அது. அந்தக் கையை நினைத்து நினைத்தே அவள் ஆறு வருஷமாகத் தலையாட்டியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் இதோடு ஈடாகிவிடும் என்று நினைப்பாள். அன்பாகச் செய்ததற்கு ஈடு என்று ஒன்று கிடையாது. அதை யாரும் கேட்கவும் இல்லை, முடிந்தது என்று யாரும் சொல்லப்போவதும் இல்லை. அவளே சொல்லிக்கொண்டால்தான் உண்டு.

உள்ளங்கையில் அட்டைத் துண்டு வியர்வையில் ஊறியிருந்தது. நாற்பத்தேழு. தலைக்கு மேலிருந்த கடிகாரத்தில் மூன்றாக எட்டு நிமிஷம்.

"வாம்மா, நேரமாச்சு" என்றார் நாத்தனார்.

அவள் இடது தோளிலிருந்து ஒரு பையை இறக்கித் தரையில் வைத்தாள். வலது தோளிலிருந்து இன்னொன்றை. குனிந்து, கால் மீட்டர்களுக்கும் அரை மீட்டர்களுக்கும் அடியில் கைவிட்டுத் துழாவி, தன் தலையணை உறையை உருவினாள். அது கசங்கியிருந்தது. உதறி மடித்தாள்.

"என்ன பண்ற?"

"டோக்கன் கூப்பிடுவாங்க அண்ணி. துணி வாங்கணும்."

"துணியா? துணி எங்க போயிடப் போகுது, அப்புறம் வாங்கிக்கலாம்."

"போயிடும் அண்ணி."

"அப்ப மேடைல நான் என்னன்னு சொல்லுவேன்?" நாத்தனாரின் குரல் முதல் தடவையாகச் சின்னதாகியிருந்தது. அதைக் கேட்க அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள் அவள் முகத்தில் எதையோ தேடின. வழக்கமாக அங்கே இருக்கும் ஒன்றை.

"எனக்குத் தெரியல அண்ணி. நான் வரல."

கவுண்டருக்கு அந்தப் பக்கம் அவசரமாக நிற்கிறவர்களிடம், இந்த மருந்து இங்கே இல்லை என்று தினமும் சொல்லும் அதே குரல்தான் அது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தலையணை உறையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, குதிகாலைப் பார்த்துப் பதித்து, அவள் கடைசி வரிசையை நோக்கி நடந்தாள்.